நேர்ப்புள்ளியும் ஊடுபுள்ளியும்

வேடசந்தூரில் எங்கள் நண்பர் ஒருவர் பழைய வீட்டின் பின்கட்டை இடித்துவிட்டுத் தம் தாயாருக்காகப் புதிய சமையலறை ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தார். திண்டுக்கல்லிலிருந்து கரூர் செல்லும் வழியில், குடகனாற்றை ஒட்டிய ஊர். புகையிலைக்கும் நூற்பாலைகளுக்கும் பெயர்பெற்றது. பீங்கான் ஓட்டின் வரலாற்றைத் தேடி எவரும் அங்கே போகமாட்டார்கள். நாங்களும் அதற்காகப் போகவில்லை. நண்பர் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடையொன்றில் வாங்கிய ஓடுகளைப் பார்த்துவிட்டு, மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு திரும்புவதாகத்தான் திட்டம்.

ஓடுகள் தவிட்டு மூட்டைக்குள் வைக்கோல் சுற்றிக் கிடந்தன. ஆறு அங்குலச் சதுரம். பச்சையும் மஞ்சளும் ஊதாவும் கலந்த மெருகு. ஒவ்வொன்றின் ஒரு மூலையில் மட்டும் ஒரு பூவின் கால்வாசி புடைத்து நின்றது. திருப்பிப் பார்த்தால் முதுகில் ‘மேட் இன் ஜப்பான்’ என்ற எழுத்துகள். எங்கோ இடிக்கப்பட்ட ஒரு செட்டிநாட்டு வீட்டின் சுவரிலிருந்து பெயர்த்தவை. எந்த வீடு என்று கடைக்காரர் சொல்லவில்லை, நண்பரும் கேட்கவில்லை. வாங்கியவை 44. வேனிலிருந்து இறக்கும்போது ஒன்று உடைந்து 43 ஆயிற்று. இந்த ஒன்றைப் பற்றிப் பின்னால் சொல்கிறோம்.

கொத்தனார் ரசமட்டத்தைச் சுவரில் வைத்துப் பார்த்துவிட்டு, நூல் பிடிப்பதற்கு முன்பாக ஒரு கேள்வி கேட்டார்: “நேரா ஒட்டவா, பிரிக் மாடல்ல ஒட்டவா?” நண்பர் எங்களைப் பார்த்தார். நாங்கள் சுவரைப் பார்த்தோம். மணை போட்டுக் கீரை ஆய்ந்துகொண்டிருந்த தாயார்தான் தலை நிமிராமல் பதில் கேள்வி கேட்டார்: “நேர்ப்புள்ளியா, ஊடுபுள்ளியான்னு கேக்குறியாப்பா?” கொத்தனார் ஒரு கணம் யோசித்துவிட்டு, “அதேதான் பெரியம்மா” என்றார்.

எங்களுக்கு அது உறைத்தது. புள்ளிக்கோலத்தில் இரண்டே வகைதான். மேல்வரிசைப் புள்ளிக்கு நேர் கீழே அடுத்த வரிசைப் புள்ளி வந்தால் நேர்ப்புள்ளி. இரு புள்ளிகளின் இடைவெளிக்குக் கீழே வந்தால் ஊடுபுள்ளி. முன்னதில் சதுரங்கள் பிறக்கும். பின்னதில் முக்கோணங்களும் அறுகோணங்களும். 1974இல் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் கோலங்களைக் கணித இலக்கணத்துக்குள் கொண்டுவந்து ஆய்வுக்கட்டுரை எழுதினார்கள். கணிப்பொறி அறிவியலார் இன்றும் அதை எடுத்துப் பேசுகிறார்கள். வாசலில் குனிந்து புள்ளி வைத்தவர்களுக்கு அந்தப் பாகுபாடு கைப்பழக்கமாகவே இருந்துவந்திருக்கிறது. ஓடு பதிப்பவர்கள் ‘நேர்க்கட்டு’, ‘செங்கல் கட்டு’ என்று பிரிப்பதும் இதே பாகுபாடுதான். சதுரத்தை 45 பாகை சாய்த்து ஒட்டினால் ‘டயமண்ட்’ என்பார்கள். அதுவும் சாய்ந்து நிற்கும் நேர்ப்புள்ளியே.

செங்கல் கட்டு என்ற பெயரிலேயே அதன் பிறப்பிடம் இருக்கிறது. செங்கல் சுவரில் ஒரு வரிசையின் இணைப்புக்கு நேர்மேலே அடுத்த வரிசையின் இணைப்பு வரலாகாது என்பது கட்டடக் கலையின் முதற்பாடம். இணைப்புகள் ஒரே கோடாக மேலேறினால் பாரம் பக்கங்களுக்குப் பரவாது. அந்தக் கோட்டிலேயே சுவர் பிளக்கும். இணைப்பை மாற்றி மாற்றி முறிப்பதன் பல வகைகளே இங்கிலீஷ் பாண்டு, பிளெமிஷ் பாண்டு என்று பொறியியல் மாணவர்கள் மனப்பாடம் செய்பவை. ஆனால் சுவரில் ஒட்டிய ஓடு எதையும் தாங்குவதில்லை. ஒவ்வோர் ஓடும் தன் முதுகிலுள்ள சாந்தைப் பிடித்துக்கொண்டு தனித்தனியாகத் தொங்குகிறது. எனவே ஓட்டுச் சுவரின் செங்கல் கட்டுக்குக் கட்டுமானக் காரணம் ஏதுமில்லை. செங்கல்லைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது உறுதியாகத் தெரிகிறது, அவ்வளவுதான்.

இந்தப் பழக்கத்துக்கு உலகப் புகழ் சேர்த்தது நியூயார்க் நகரத்துச் சுரங்க ரயில். 1904 அக்டோபரில் அது திறக்கப்பட்டபோது, ஹைன்ஸ், லஃபார்ஜ் என்ற இரு கட்டடக் கலைஞர்கள் நிலையச் சுவர்களில் மூன்றுக்கு ஆறு அங்குல வெள்ளை ஓடுகளைச் செங்கல் அடுக்கில் பதித்திருந்தார்கள். நிலத்தடி இருட்டில் வெளிச்சத்தைத் திருப்பித் தர வேண்டும், கழுவிவிட எளிதாக இருக்க வேண்டும் என்பவையே தேவைகள். இன்று நம் ஊர்க் கடைகளிலும் ‘சப்வே டைல்ஸ்’ என்று சுரங்க ரயிலின் பெயரிலேயே அது விற்கிறது. லண்டன் நகரம் சற்று வேறு வழியில் போயிற்று. 1906, 1907 ஆண்டுகளில் திறக்கப்பட்ட பல சுரங்க நிலையங்களுக்கு லெஸ்லி கிரீன் என்பவர் ஒவ்வொன்றுக்கும் ஒரு தனி நிறத்தையும் ஓட்டுக் கோலத்தையும் வகுத்தார். பெயர்ப்பலகையைப் படிக்காமலேயே பயணி தன் நிலையத்தை அடையாளம் காண முடிந்தது. அவர் 1908இல், 33 வயதில் காலமானார்.

நேர்க்கட்டு பார்வைக்கு எளிது, செய்வதற்குக் கடினம். எல்லா ஓடுகளும் ஒரே அளவாக இருந்தாலன்றி நேர்க்கோடு நிற்காது. ஒரு வரிசையில் ஓட்டுக்கு ஒரு மில்லிமீட்டர் கூடினால் இருபதாவது ஓட்டில் இரண்டு சென்டிமீட்டர் பிசகும். மேல்வரிசையோடு கோடு பொருந்தாது. செங்கல் கட்டில் மேலும் கீழும் கோடுகள் சேர வேண்டியதே இல்லாததால் அந்தப் பிழை மறைந்துவிடும். கையால் தட்டி, வெயிலில் உலர்த்தி, விறகுச் சூளையில் சுட்ட ஈர மண் ஓடு ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகச் சுருங்கும். அந்தக் காலத்திலும் நேர்க்கட்டில் பெரும் சித்திரங்கள் எழுந்தன என்பதுதான் வியப்பு. 17ஆம் நூற்றாண்டுப் போர்ச்சுகலில் தேவாலயச் சுவர்களைக் கம்பளம் விரித்ததுபோல் ஓடுகளால் மூடினார்கள். நான்கு ஓடுகள் சேர்ந்து ஒரு பூ ஆவது அவற்றில் எளிய வகை. 144 ஓடுகள் சேர்ந்தால்தான் ஒரு கோலம் முழுமையாகும் என்ற அளவுக்கும் போயிருக்கிறார்கள். அங்கே கோணல்களை ஒளிக்க எவரும் முயலவில்லை. தூர நின்று பார்த்தால் கம்பளம், அருகே போனால் கைவேலை.

கோணல் போனது 1840இல். ரிச்சர்ட் பிராசர் என்ற ஆங்கிலேயர், ஏறக்குறைய உலர்ந்த களிமண் பொடியை இரும்பு அச்சில் இட்டுத் திருகு அழுத்தியால் இறுக்கும் முறைக்கு அந்த ஆண்டு காப்புரிமை பெற்றார். அவர் செய்ய நினைத்தது சட்டைப் பொத்தான். ஸ்டோக் நகரத்துப் பீங்கான் முதலாளி ஹெர்பர்ட் மின்டன் அதில் ஓட்டைக் கண்டார். பொடியில் ஈரம் குறைவு; எனவே சுருக்கமும் குறைவு. அச்சிலிருந்து வருவதெல்லாம் ஓரளவு ஒரே சதுரம். அதே ஆலையில் பிரெஞ்சுக்காரரான லியோன் ஆர்னு உருவாக்கிய மஜோலிகா மெருகு 1851ஆம் ஆண்டு லண்டன் பெருங்கண்காட்சியில் வைக்கப்பட்டது. புடைப்புக் கோலத்தின்மேல் நிற மெருகு வழிந்து, பள்ளத்தில் கருத்தும் மேட்டில் வெளுத்தும் தேங்கும் அந்த ஓடு, அடுத்த அரை நூற்றாண்டில் கப்பலேறாத துறைமுகம் குறைவு.

முதல் உலகப் போர் ஐரோப்பியச் சரக்கை முடக்கியபோது அந்த இடத்தை ஜப்பான் பிடித்துக்கொண்டது. அவாஜித் தீவின் டான்டோ போன்ற ஆலைகள் ஆங்கிலேயக் கோலங்களை முதலில் படியெடுத்தன. பிறகு தத்தம் சந்தைக்கு ஏற்ப மாற்றின. சீன வாடிக்கையாளருக்கு மாதுளையும் பீச் பழமும். இந்தியாவுக்கு, நம்முடைய அச்சுப்படங்களைப் பார்த்துச் செய்த கடவுளர் உருவங்கள். கிருஷ்ணனும் லட்சுமியும் நகோயா வட்டாரத்துச் சூளைகளில் சுடப்பட்டு இந்தியச் சுவர்களுக்கு வந்து சேர்ந்தார்கள். இவற்றில் பலவற்றை இன்று டோக்கோனாமே நகரத்து அருங்காட்சியகம் சேர்த்து வைத்திருக்கிறது.

ரங்கூன், பினாங்கு, சிங்கப்பூர் என்று வட்டிக்கடை நடத்திய நகரத்தார் இந்த ஓடுகளை அந்த ஊர்களின் கடைவீட்டு முகப்புகளிலேயே கண்டிருப்பார்கள். சிங்கப்பூரில் சன்னலுக்குக் கீழே இடுப்புயரத்துக்கு ஒட்டிய அதே ஜப்பானிய ஓடுகள், காரைக்குடி, கானாடுகாத்தான் வட்டாரத்து வளவுகளில் தூண்களுக்குப் பின்னால், சாய்ந்து உட்காரும் உயரத்துக்கு ஏறின. அந்த உயரத்துக்கு ஒரு காரணம் உண்டு. செட்டிநாட்டுச் சுவரின் பெருமை முட்டை வெண்கருவும் சுண்ணாம்பும் கடுக்காயும் சேர்ந்த பூச்சு. பளிங்குபோல் வழவழக்கும், கோடையிலும் குளிரும். ஆனால் எண்ணெய் தேய்த்த தலைகள் நாள்தோறும் சாய்ந்தால் அதுவும் பிசுக்கேறும். தலை படும் உயரம் வரை ஓடு, அதற்கு மேல் சாந்து. தரைக்கு ஆத்தங்குடிப் பூக்கல் வந்தது உள்ளூர்க் கைவேலையாக: கண்ணாடித் தகட்டின்மேல் நிறச் சிமென்டை ஊற்றி, சூளையே இல்லாமல் நீரில் ஊறவைத்து இறுகச் செய்வது. சுவர் கடல் தாண்டி வந்தது, தரை பக்கத்து ஊரிலிருந்து. இரண்டும் நான்கு கல்லுக்கு ஒரு பூ என்ற ஒரே கணக்கில் நின்றன.

அந்த வளவுகளின் ஓடு பதித்த கொத்தனார்களிடம் யாரும் ‘நேராகவா, செங்கல் மாதிரியா’ என்று கேட்டிருக்கவே முடியாது. மூலைக்குக் கால்பூ இருக்கும் ஓட்டைப் பாதி நகர்த்தினால் பூ சேராது. கட்டும் முறையைச் சித்திரமே முடிவுசெய்துவிட்டது. அச்சை வெட்டியவர் ஜப்பானிலிருந்தே காரைக்குடிச் சுவரின் நூலையும் பிடித்துவிட்டார் எனலாம். கொத்தனாருக்கு மிஞ்சியது ஒன்றே, எந்த மூலையை எந்தப் பக்கம் திருப்புவது என்பது. அங்கும் தவறு செய்ய முழு உரிமை இருந்தது. கானாடுகாத்தானில் ஒரு வீட்டுத் திண்ணையை ஒட்டிய சுவரில், ஒரே ஓர் ஓடு மட்டும் கால்வட்டம் திரும்பி நிற்பதை நாங்கள் நேரில் பார்த்திருக்கிறோம். அதைக் கண்ட பிறகு அந்தச் சுவரில் வேறெதையும் பார்க்க முடியவில்லை.

திருப்புவதன் கணக்கை முதலில் எழுதிவைத்தவர் பிரான்ஸைச் சேர்ந்த செபாஸ்தியான் ட்ருஷே என்ற துறவி. கால்வாய்ப் பணிகளுக்காகப் பயணம் செய்த இடத்தில், மூலைவிட்டமாக இரு நிறம் பிரித்த சதுர ஓடுகள் குவிந்திருப்பதைக் கண்டார். ஒரு தேவாலயத்தின் தரைக்கென வந்தவை. இவற்றை எத்தனை விதமாக அடுக்கலாம் என்று அங்கேயே யோசிக்கத் தொடங்கி, 1704இல் பிரெஞ்சு அறிவியல் கழகத்தில் கட்டுரையாகவே அளித்துவிட்டார். இரண்டே ஓடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்க 64 வழிகள். ஒன்றுபோல் தோன்றுபவற்றைக் கழித்தால் பத்து. ஓட்டுக்கு நான்கு நிலைகள் என்பதால் நான்கு ஓடுகளைச் சதுரமாக வைக்க 256 வழிகள். அந்த 256இல் ஒரேயொரு வழியில்தான் எங்கள் நண்பரின் ஓடுகளில் பூ மலரும்.

இந்தியாவில் சுவர் ஓட்டுத் தொழில் பெரிதாக வேரூன்றியது சுதந்திரத்துக்குப் பின்புதான். 1958இல் தொடங்கிய எச் அண்ட் ஆர் ஜான்சன் நிறுவனம் முன்னோடிகளில் ஒன்று. இன்று பெரும்பங்கு குஜராத்தின் மோர்பி நகரத்துச் சூளைகளிலிருந்து வருகிறது. வேடசந்தூரிலும் திண்டுக்கல்லிலும் கடைகளில் நாம் பார்ப்பது 12க்கு 18, 12க்கு 24 அங்குல ஓடுகளை, ‘டார்க், லைட், ஹைலைட்டர்’ என்று மூன்று பெட்டிகளாக. அடியில் கருநிறம், மேலே வெளிர்நிறம், நடுவே பழமோ காப்பிக் கோப்பையோ அச்சிட்ட ஒரு பட்டை. எப்படி ஒட்ட வேண்டும் என்ற படமும் கடைச் சுவரிலேயே இருக்கும். அச்சு வெட்டிய ஜப்பானியரின் இடத்தில் இப்போது அட்டைப்பெட்டி. இதை ரசனைக் குறைவு என்று இலக்கியவாதிகள் எளிதில் சொல்லிவிடுவோம். சமையல் மேடையின் பிசுக்கைத் துடைத்துத் துடைத்துக் கை ஓய்ந்தவர்கள் அப்படிச் சொல்வதில்லை.

இந்த நீள ஓடுகளில் செங்கல் கட்டு ஒரு புதிய சிக்கலைக் கொண்டுவந்தது. சூளையில் நீளப் பலகை மெல்லியதாக வில்போல் வளையும். நடு சற்று உயரும், முனைகள் தாழும். பாதிக்குப் பாதி தள்ளி ஒட்டினால் ஒன்றின் உயர்ந்த நடுவுக்குப் பக்கத்தில் அடுத்ததன் தாழ்ந்த முனை வந்து நிற்கும். பகல் வெளிச்சத்தில் தெரியாது. இரவில் சுவரை ஒட்டிய விளக்கைப் போட்டால் ஒவ்வோர் இணைப்பிலும் ஒரு நிழல் விழும். விரலை ஓட்டினால் தட்டும். ஆகவே பக்கம் 15 அங்குலத்துக்கு மேற்பட்ட ஓடுகளை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தள்ளி ஒட்டக் கூடாது என்று அமெரிக்கத் தரவிதிகள் சொல்கின்றன. இந்த விதியை நாங்கள் பெருமையோடு எடுத்துச் சொன்னபோது கொத்தனார், “ஆமா, மூணுல ஒண்ணு தள்ளித்தான் ஒட்டுவோம், பாதி தள்ளுனா பல்லு தெரியும்” என்றார். அதற்குமேல் நாங்கள் விதி எதையும் சொல்லவில்லை.

இனி அந்த 43. அடுப்பு மேடைக்கு மேலே சுவர் 11 அடி நீளம், 2 அடி உயரம். ஆறு அங்குல ஓடு என்றால் 22க்கு 4, மொத்தம் 88. பழைய ஓடு பாதி, புதிய வெள்ளை ஓடு பாதி என்று நண்பர் கணக்கிட்டுத்தான் 44 வாங்கியிருந்தார். பூ ஒன்று, வெற்றிடம் ஒன்று எனச் சதுரங்கக் கட்டம்போல் வைத்தால் பதினொரு பூ. மேல் இரு வரிசையில் தொடர் மாலையாக வைத்தாலும் பதினொரு பூ. எப்படி வைத்தாலும் பதினோராவது பூவுக்கு ஓர் இதழ் குறைகிறது. உடைந்ததை ஒட்டிப் பார்த்தார்கள். நடுவில் ஒரு சில் மண்ணாகப் போயிருந்தது. காரைக்குடிக் கடைக்குத் தொலைபேசியில் கேட்டால் அந்தக் கோலம் தீர்ந்துவிட்டது என்றார்கள். வேறு வீடு இடியும்வரை காத்திருங்கள் என்பதுதான் அதன் பொருள் என்று எங்களில் ஒருவர் சொன்னபோது, நண்பர் முகம் மாறிவிட்டது. இடிந்த வீட்டின் சுவரை நாம் காப்பாற்றுகிறோம் என்ற நினைப்பில் வாங்கியவர் அவர். வாங்க ஆளிருப்பதாலேயே அந்தச் சுவர் பெயர்க்கப்பட்டது என்ற எண்ணம் அதுவரை அவருக்கு வந்திருக்கவில்லை, எங்களுக்கும்தான்.

படம் பிடித்து அனுப்பினால் அச்சு அசலாகச் செய்து தருவார்கள் என்றார் கொத்தனார். தட்டையான அச்சில் புடைப்பு வராது என்று நண்பர் மறுத்தார். இன்னொரு யோசனை, பத்துப் பூவோடு நிறுத்திவிட்டு மீதி மூன்றைப் பெட்டியில் வைத்துவிடலாம் என்பது. தாயார் கீரையைக் கழுவி வைத்துவிட்டு வந்து, தரையில் பரப்பியிருந்த ஓடுகளைச் சற்று நேரம் பார்த்தார். எந்தப் பக்கத்தில் தண்ணீர்க் குடம் வைப்பேன் என்று சுவரைக் காட்டினார். “அந்த மூலைல மூணையும் வச்சு நாலாவதுக்கு வெள்ளையவே வச்சிருப்பா. கோலத்துலயும் எறும்பு தின்னது போக மிச்சம்தான இருக்கும்.”

அடுத்த இரண்டு நாள் வேலை கோலத்தில் அல்ல, அளவில் போயிற்று. பழைய ஓடு முழு ஆறு அங்குலம், 152 மில்லிமீட்டரும் சிறு பின்னமும். புதிய வெள்ளை ஓடு மெட்ரிக் கணக்கு, 200க்கு 300 மில்லிமீட்டர். ஒன்றை வெட்டினால் இரண்டு சதுரம் கிடைக்கும் என்று எண்ணி வாங்கியிருந்தார்கள். ஐந்து மில்லிமீட்டர் குறைந்தது. வெள்ளையைச் சிறிதாகவே வெட்டி, அதைச் சுற்றி மட்டும் இணைப்பை அகலமாக விட்டுச் சரிக்கட்டினார் கொத்தனார். பழைய ஓட்டின் முதுகில் ஒட்டியிருந்த பழைய சாந்தை அரத்தால் தேய்த்து எடுக்க ஒரு சித்தாள் முழுநாள் உட்கார்ந்தார். ஓட்டை ஊறவைத்துச் சிமென்ட் பால் தடவி ஒட்டும் பழைய முறையா, பசையா என்று ஒரு சிறு வாக்குவாதம் நடந்தது; பசை வென்றது. நடுவிலிருந்து தொடங்கி இரு பக்கமும் போனதால் ஓரங்களில் விரற்கடைத் துண்டுகள் விழவில்லை.

நாங்கள் மறுபடி போனபோது குடம் வைத்தாயிற்று. பதினோராவது பூவின் கீழ்ப்பாதியைக் குடம் மறைத்திருந்தது. வெள்ளைச் சதுரம் மேலே இடப்பக்கத்தில் இருந்ததால் நன்றாகவே தெரிந்தது. அதைக் கீழே திருப்பி வைத்திருக்கலாமே என்று நண்பரிடம் கேட்டோம். கொத்தனாரும் அதையே சொன்னாராம். மேலே இருந்தால்தான் கை எட்டித் துடைக்க முடியும், கீழே வைத்தால் பாசி ஏறி எது வெள்ளை எது பூ என்று தெரியாது என்று தாயார் சொல்லிவிட்டாராம்.